ஒளியை வைத்து ஒளியை நிறுத்த முடியுமா? நானோ ஆண்டெனாவின் வேலை என்ன?

கேட்டிருப்பது மூன்று விஷயம். ஒரு லேசர் கதிரை இன்னொரு ஒளியைக் கொண்டு நிறுத்தவும் விடவும் முடியுமா, அதில் நானோ ஆண்டெனாவுக்கு என்ன வேலை என்பது முதல் கேள்வி. இந்த ஸ்விட்சுகளை அடுக்கி, மின்சாரமே இல்லாமல் ஒளியில் ஓடும் கணினி செய்துவிடலாமா என்பது இரண்டாவது. கடையில் வாங்கும் லேசர் பாயிண்டரை வைத்து இதைச் செய்து பார்க்கலாமா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்குப் பதில் 'முடியும்'. இரண்டாவதற்கு என் பதில் 'பெரும்பாலும் இல்லை'. மூன்றாவதற்கு ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும். அதைக் கடைசியில் போடுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 'லேசரை ஸ்விட்ச் செய்கிறார்கள்' என்று செய்தியில் வந்தால், லேசர் கருவியை அணைத்து அணைத்துப் போடுகிறார்கள் என்று அர்த்தமில்லை. கருவி பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். அதிலிருந்து வரும் கதிர் ஓர் இடத்தைத் தாண்டிப் போகிறதா, அங்கேயே தடுக்கப்படுகிறதா, எவ்வளவு போகிறது என்பதை இரண்டாவது லேசர் தீர்மானிக்கிறது. இன்றைய ஃபைபர் இணைப்புகளில் இந்த வேலையைப் பெரும்பாலும் மாடுலேட்டர் என்ற உறுப்பு மின்னழுத்தத்தை வைத்துச் செய்கிறது. அந்த மின்னழுத்தம் இருக்கும் இடத்தில் ஒளியை வைப்பதுதான் இங்கே பேச்சு. கட்டுப்படுத்தும் ஒளியைப் பம்ப் என்றும், கட்டுப்படும் ஒளியைப் புரோப் என்றும் ஆய்வுக்கூடத்தில் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், ஒளி இன்னொரு ஒளியைக் கண்டுகொள்வதே இல்லை. இரண்டு டார்ச் வெளிச்சங்களைக் குறுக்கே விட்டுப் பாருங்கள். ஒன்றையொன்று ஊடுருவிக்கொண்டு எதுவும் நடக்காத மாதிரி போய்விடும். எலக்ட்ரானுக்கு மின்னூட்டம் இருக்கிறது, அதனால் ஒன்று இன்னொன்றைத் தள்ளும். டிரான்சிஸ்டர் பிழைப்பதே அதில்தான். ஒளித்துகளான ஃபோட்டானுக்கு அது கிடையாது. ஆகவே இரண்டு கதிர்களும் பேசிக்கொள்ள நடுவில் ஒரு பொருள் வேண்டும். பம்ப் அந்தப் பொருளை மாற்றும், மாறிப்போன பொருளின் வழியே புரோப் வேறு விதமாகப் போகும்.

அந்த மாற்றம் எவ்வளவு சின்னது என்பதற்கு ஒரு கணக்கு. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் அதன்மேல் விழும் ஒளியின் செறிவைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும். இதற்குக் கெர் விளைவு என்று பெயர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கோடி வாட் என்ற பயங்கரமான செறிவில் ஒளியைப் பாய்ச்சினாலும், சாதாரண சிலிக்கா கண்ணாடியின் ஒளிவிலகல் எண் கூடுவது கோடியில் மூன்று பங்கு. இதை வைத்து ஒரு கதிரைத் திருப்ப வேண்டுமென்றால், அந்தச் சின்ன மாற்றம் சேர்ந்து சேர்ந்து பெரிதாகும் அளவுக்கு ஒளி நீண்ட தூரம் ஓட வேண்டும். ஃபைபரில் ஓட விடலாம், மீட்டர் கணக்கில் நீளம் கிடைக்கும். ஒரு சிப்புக்குள் அந்த நீளத்துக்கு எங்கே போவது?

இதற்குச் சிப் செய்பவர்கள் கண்ட வழி, ஒளியை ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி ஓட விடுவது. 2004-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மிகால் லிப்சன் குழு, சிலிக்கானில் 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு வளையத்தில் ஒளியைச் சுழல விட்டு, 25 பிக்கோஜூல் பம்ப் பல்ஸால், அதாவது ஒரு குட்டை ஒளித்துடிப்பால், புரோப்பை 94 சதவீதம்வரை மாற்றிக் காட்டியது. (பிக்கோ என்றால் லட்சம் கோடியில் ஒரு பங்கு, ஃபெம்டோ என்றால் அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு.) 2010-ல் ஜப்பானில் என்டிடி ஆய்வுக்கூடத்தில் மசாயா நோதோமி குழு, ஃபோட்டானிக் படிகத்தில் (நுண்துளைகளை ஒழுங்காக வரிசையிட்டு ஒளியை அடக்கும் பொருள்) ஒரு நுண்ணிய குழிக்குள் ஒளியைச் சிறைவைத்து, 0.42 ஃபெம்டோஜூலில் ஸ்விட்ச் செய்தது. ஃபைபர் அலைநீளத்தில் அது சுமார் 3,300 ஃபோட்டான்தான்! பிரமாதமான வேலை. ஆனால் இந்த வழியில் ஒரு விலை உண்டு. ஒளியை எவ்வளவு நேரம் சுழல வைக்கிறோமோ அவ்வளவு நேரம் ஸ்விட்சும் காத்திருக்க வேண்டும். நீண்ட நேரம் தங்கும் குழிக்கு அலைநீளமும் மிகத் துல்லியமாகப் பொருந்த வேண்டும். வெப்பநிலை கொஞ்சம் நகர்ந்தால் கதவு அடைத்துக்கொள்ளும்.

நானோ ஆண்டெனா இதற்கு நேர் எதிர்வழி. அது ஒளியை நேரத்தில் தேக்குவதில்லை, இடத்தில் நெருக்குகிறது. புனலில் ஊற்றிய மாதிரி, ஓர் அலைநீள அகலத்தில் வரும் ஒளியைச் சில பத்து நானோமீட்டர் இடுக்குக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. அந்த இடுக்கில் செறிவு நூறு மடங்கு, நல்ல வடிவமைப்பில் ஆயிரம் மடங்குகூட ஏறும். அந்த இடத்தில் மாறக்கூடிய பொருள் ஒன்று இருந்தால் போதும், கொஞ்சம் ஒளியே அதை மாற்றிவிடும். இந்த விஷயத்தில் பலரும் தவறவிடும் இடம் இதுதான்: ஸ்விட்ச் ஆவது பெரும்பாலும் ஆண்டெனா அல்ல, அதன் இடுக்கிலோ அடியிலோ இருக்கும் பொருள். ஆண்டெனா அதற்கு ஒளியை ஊட்டுகிறது, அப்புறம் அதன் மாற்றத்தைப் பெரிதாக்கி வெளியே சொல்கிறது.

ஆண்டெனா என்ற சொல் வெறும் உவமை இல்லை. 100 மெகாஹெர்ட்ஸ் பண்பலை வானொலியின் அலைநீளம் 3 மீட்டர். அதைப் பிடிக்க 1.5 மீட்டர் கம்பியை நடுவில் வெட்டி இரண்டு கையாக வைத்தால் அரையலை டைபோல் ஆண்டெனா. ஒளியும் அதே மின்காந்த அலைதான், அலைநீளம் மட்டும் 400 முதல் 700 நானோமீட்டர். அப்படியானால் சில நூறு நானோமீட்டர் நீளத்தில் இரண்டு தங்கக் கம்பிகளை நடுவில் இடுக்கு விட்டு வைத்தால் ஒளிக்கு ஆண்டெனா ஆகிவிட வேண்டும். ஆகத்தான் செய்கிறது. ஆனால் நீளக் கணக்கு அப்படியே பொருந்தாது. வானொலி அதிர்வெண்ணில் உலோகம் கிட்டத்தட்ட முகம் பார்க்கும் கண்ணாடி போல அலையை முழுக்கத் திருப்பி அனுப்பிவிடும். ஒளியின் அதிர்வெண் நொடிக்கு 500 லட்சம் கோடி தடவை என்ற அளவில் இருக்கிறது. அந்த வேகத்தில் உலோகத்தின் எலக்ட்ரான்களுக்குத் தங்கள் எடையே பாரமாகிவிடுகிறது. புலம் இழுக்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகின்றன, ஒளியும் உலோகத்துக்குள் சுமார் 25 நானோமீட்டர் ஆழம்வரை புகுந்துவிடுகிறது. கம்பியே 40 நானோமீட்டர் தடிமன்தான் என்னும்போது ஒளி அதன் உடம்பு முழுக்க இருக்கிறது என்று அர்த்தம். எலக்ட்ரான் கூட்டம் மொத்தமாக முன்னும் பின்னும் ஆடும் இந்த ஆட்டத்துக்குப் பிளாஸ்மான் என்று பெயர். இதனால் ஒத்ததிர்வுக்குத் தேவையான நீளம் அரை அலைநீளத்தைவிட நன்றாகவே குறைந்துவிடும். வானொலிப் பொறியாளர் புத்தகத்தைப் பார்த்து அளவெடுத்துச் செய்தால் ஆண்டெனா தப்பான நிறத்தில் பாடும்.

இதன் வேர்கள் பழையவை. ரோமானியர் காலத்து லைகர்கஸ் கோப்பை, வெளியிலிருந்து வெளிச்சம் பட்டால் பச்சையாகவும், உள்ளே விளக்கு வைத்தால் சிவப்பாகவும் தெரியும். கண்ணாடிக்குள் கலந்திருக்கும் தங்க, வெள்ளி நுண்துகள்களில் எலக்ட்ரான் ஆடுவதுதான் காரணம். 1857-ல் மைக்கேல் ஃபாரடே தங்கத் துகள் மிதக்கும் சிவப்புக் கரைசல்களை ஆராய்ந்தார். 1908-ல் குஸ்தாவ் மீ அதற்குக் கணிதம் கொடுத்தார். 1928-ல் எட்வர்ட் சிங் என்ற அயர்லாந்துக்காரர், சின்னத் தங்கத் துகளால் ஒளியை நெருக்கி மைக்ரோஸ்கோப் செய்யலாமே என்று ஐன்ஸ்டீனுக்குக் கடிதமே எழுதியிருக்கிறார். அதைச் செய்து பார்க்கும் கருவிகள் அப்போது இல்லை. 2005-ல்தான், டீட்டர் போல் உள்ளிட்ட ஒரு குழு, ஒளி அதிர்வெண்ணில் ஒத்ததிரும் தங்க டைபோல் ஆண்டெனாவைச் செய்து காட்டியது. நீளம் சரியாகப் பொருந்திய ஆண்டெனாக்களின் இடுக்கிலிருந்து வெள்ளை ஒளியே கிளம்பியது. ஒரே நிறத்து லேசரை உள்ளே விட்டால் பல நிறம் வெளியே வருகிறது என்றால், அந்த இடுக்கில் புலம் எவ்வளவு ஏறியிருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, இந்த ஆண்டெனாவை ஸ்விட்ச் ஆக்குவது எப்படி?

வானொலிக்காரர்களிடம் இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. இரண்டு கம்பிகளுக்கு நடுவில் ஒரு டையோடை வைப்பார்கள். டையோடு கடத்தாதபோது அவை இரண்டு குட்டை ஆண்டெனாக்கள். கடத்தும்போது ஒரே நெட்டை ஆண்டெனா. ஒத்ததிரும் அலைநீளம் ஒரேயடியாக மாறிவிடும். இதையே ஒளிக்குச் செய்யலாம் என்று 2010-ல் நிக்கோலா லார்ஜ், ஹவியர் ஐஸ்புருவா, ஓட்டோ மஸ்கன்ஸ் உள்ளிட்டோர் கணித்துக் காட்டினார்கள். இடுக்கை ஒரு குறைகடத்தியால் நிரப்ப வேண்டும். பம்ப் ஒளி விழுந்தால் அதில் கட்டற்ற எலக்ட்ரான்கள் கிளம்பும், போதுமான அளவு கிளம்பினால் இடுக்கு கடத்தியாகிவிடும், இரண்டு கை ஒரே கை ஆகிவிடும். டையோடுக்கு வயர் இழுக்க வேண்டாம், ஒளியே வயர். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த யோசனை இதுதான். ஆனால் கேட்கும் எலக்ட்ரான் அடர்த்தி மிக மிக அதிகம், கிட்டத்தட்டக் குறைகடத்தியை உலோகமாகவே மாற்றச் சொல்கிற அளவு.

சோதனைக்கூடத்தில் கதை வேறு பக்கம் திரும்பியது. சவுத்ஆம்ப்டன் பல்கலைக்கழகத்தில் மஸ்கன்ஸின் குழு 2011-ல் வெளியிட்ட வேலையில், தங்க ஆண்டெனாவை இண்டியம் டின் ஆக்சைடு என்ற பொருளோடு சேர்த்து வைத்தார்கள். சுருக்கமாக ஐடிஓ, உங்கள் கைப்பேசித் தொடுதிரையில் இருக்கும் அதே ஒளி ஊடுருவும் கடத்தி. நானோ அளவில் எலக்ட்ரான் கற்றையால் வரைபவர்களுக்கு இது பழகிய பொருள். வெறும் கண்ணாடிமேல் வரைந்தால் மின்னூட்டம் தேங்கி வரைபடம் கோணலாகிவிடும், அதை வடியவிட ஐடிஓ பூசிய கண்ணாடியை எடுப்பார்கள். அதாவது, பலருடைய சோதனைகளில் இது மேடைக்கு விரித்த ஜமுக்காளம் மாதிரி சும்மா கிடந்தது. சவுத்ஆம்ப்டன் அளவீட்டில், சாதாரண சிலிக்காமேல் உள்ள தங்க ஆண்டெனா கொடுக்கும் சிக்னல் ஒரு விதமாகவும், ஐடிஓவோடு சேர்ந்தது கொடுக்கும் சிக்னல் அதிலிருந்து தெளிவாக வேறு விதமாகவும் இருந்தது. அவர்கள் கொடுத்த விளக்கம்: பம்ப் பல்ஸ் தங்கத்தில் எலக்ட்ரான்களைச் சூடாக்குகிறது, அந்தச் சூடான எலக்ட்ரான்கள் எல்லை தாண்டி ஐடிஓவுக்குள் பாய்கின்றன, அங்கே ஏற்கெனவே இருக்கும் கட்டற்ற எலக்ட்ரான்களின் நடத்தையை மாற்றுகின்றன, ஐடிஓவின் ஒளிவிலகல் எண் மாறுகிறது, ஆண்டெனாவின் சுருதி நகர்கிறது. மேடையில் ஆடியது தங்கம் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வேலையில் பெரும்பங்கு ஜமுக்காளத்தினுடையது.

'எலக்ட்ரானைச் சூடாக்குவது' என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உலோகத்தில் எலக்ட்ரான்களின் வெப்பக் கொள்ளளவு மிகக் குறைவு, அணுக்களுடையது அதிகம். நூறு ஃபெம்டோ செகண்ட் பல்ஸ் ஒன்று வந்து மோதினால், அணுக்கள் அசைந்து பார்ப்பதற்குள் எலக்ட்ரான்கள் மட்டும் ஆயிரக்கணக்கான டிகிரிக்குப் போய்விடும். அப்புறம் சுமார் ஒரு பிக்கோ செகண்டில் அந்தச் சூட்டை அணுக்களுக்குக் கொடுத்துவிட்டு ஆறும். அணுக்கள் அதைச் சுற்றுப்புறத்துக்குக் கொடுக்க நூற்றுக்கணக்கான பிக்கோ செகண்ட், சில சமயம் நானோ செகண்டே ஆகும். இந்த மூன்று வேகங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் ஒளி ஸ்விட்சில் போடுவது சுலபம், அணைப்பதுதான் பாடு. பம்ப் பல்ஸ் வந்த கணத்தில் ஸ்விட்ச் திறந்துவிடும். பல்ஸ் எவ்வளவு குட்டையோ அவ்வளவு வேகம். செய்தித் தலைப்பில் வரும் வேகம் பெரும்பாலும் இதுதான். அது திரும்பப் பழைய நிலைக்கு வர எவ்வளவு நேரம் என்பதைக் கேட்டால் பல சாதனைகள் சுருங்கிவிடும். ஆண்டெனாவின் பிளாஸ்மான் பத்து ஃபெம்டோ செகண்ட் வாக்கில் செத்துவிடுகிறது, ஆகவே அது தடை அல்ல. சிலிக்கானில் கிளப்பிவிட்ட எலக்ட்ரான்கள் தானாக அடங்க நானோ செகண்ட் எடுக்கலாம். அவற்றை விரட்ட மேற்பரப்பு, மின்புலம், குறைபாடுகள் என்று எதையாவது துணைக்கு அழைக்க வேண்டும். ஐடிஓவின் சிறப்பு இங்கேதான் தெரிகிறது. அதில் புதிதாக எலக்ட்ரான் கிளப்ப வேண்டியதில்லை, இருப்பதைச் சூடாக்கினால் போதும். சூடு ஆறுவது பிக்கோ செகண்டுக்குள் முடிந்துவிடும். 2016-ல் ராபர்ட் பாய்ட் குழு, ஐடிஓவின் மின்காப்பு மாறிலி (மின்புலத்துக்குப் பொருள் எவ்வளவு எதிர்வினை காட்டுகிறது என்பதன் அளவு) சுழியைத் தொடும் அலைநீளத்துக்குப் பக்கத்தில், சுமார் 1,240 நானோமீட்டரில், ஒளிவிலகல் எண்ணை 0.72 வரை மாற்றிக் காட்டியது. திரும்பி வர ஆன நேரம் 360 ஃபெம்டோ செகண்ட். சற்று முன் கண்ணாடிக்குச் சொன்ன கோடியில் மூன்று பங்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். செறிவு வேறு என்பது உண்மைதான், இருந்தாலும் இரண்டும் ஒரே ஊர்க்காரர்கள் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து அதே குழு, 2018-ல், ஐடிஓமேல் ஆண்டெனா வரிசைகளை வைத்து அந்த விளைவை இன்னும் கூட்டியது.

ஆய்வுக்கூட மேசையில் இது எப்படி இருக்கும் என்பதையும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் படங்களில் காட்டும் சிவப்பும் நீலமுமான கதிர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதலில் ஆண்டெனா செய்ய வேண்டும். கண்ணாடிமேல் ஒரு பாலிமர் படலத்தைச் சுழற்றிப் பூசி, எலக்ட்ரான் கற்றையால் அதில் வடிவத்தை எழுதி, கரைசலில் கழுவினால் எழுதிய இடத்தில் குழி விழும். வெற்றிடத்தில் வைத்து, ஒட்டுவதற்காக டைட்டானியமோ குரோமியமோ இரண்டு மூன்று நானோமீட்டர், அதன்மேல் தங்கம் 30, 40 நானோமீட்டர் படிய விடுவார்கள். பிறகு அசிட்டோனில் ஊறப் போட்டால் பாலிமரும் அதன்மேல் உள்ள தங்கமும் தோல் மாதிரி உரிந்து போகும், குழியில் விழுந்த தங்கம் மட்டும் தங்கும். சொல்லும்போது சுலபம். இரண்டு கைகளுக்கும் நடுவில் 20 நானோமீட்டர் இடுக்கு கேட்டிருப்போம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பாதி ஆண்டெனாக்களில் இரண்டு கையும் ஒட்டிக்கொண்டிருக்கும், மீதியில் ஒரு கை உரிந்து போயிருக்கும். ஒட்டு உலோகமும் நல்லவனல்ல: குரோமியம் கொஞ்சம் தடித்தாலும் ஒத்ததிர்வு மழுங்கிவிடும்.

அளப்பது இன்னும் பொறுமையான வேலை. ஒரே லேசரிலிருந்து வரும் பல்ஸ்களைப் பம்ப், புரோப் என்று பிரித்து, பம்ப் பாதையில் ஒரு நகரும் கண்ணாடி ஜோடியை வைப்போம். ஒளி ஒரு பிக்கோ செகண்டில் 0.3 மில்லிமீட்டர் ஓடும். கண்ணாடிவரை போய்த் திரும்ப வேண்டும் என்பதால் 0.15 மில்லிமீட்டர் நகர்த்தினால் ஒரு பிக்கோ செகண்ட் தாமதம். உலகத்தின் மிக வேகமான கடிகாரம் ஒரு திருகாணி! பம்பைச் சுழலும் சக்கரத்தால் விட்டு விட்டு மறைத்து, அதே தாளத்தில் புரோப் துடிக்கிறதா என்று லாக்-இன் ஆம்ப்ளிஃபையரால் தேடுவோம். ஒற்றை ஆண்டெனாவில் வரும் மாற்றம் ஆயிரத்தில் ஒரு பங்கு, சில நாள் பத்தாயிரத்தில் சில பங்கு. சிக்னல் போதவில்லையே என்று பம்ப் திறனைக் கொஞ்சம் ஏற்றுவோம். கொஞ்சம் என்றுதான் ஏற்றுவோம். திடீரென்று சிக்னல் காணாமல் போகும், நிறமாலை நீலப் பக்கம் நகர்ந்திருக்கும். மறுநாள் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கம்பி இருந்த இடத்தில் ஒரு தங்க உருண்டை உட்கார்ந்திருக்கும். கட்டித் தங்கம் 1,064 டிகிரியில் உருகும். நானோ கம்பி அதற்கு வெகு கீழான வெப்பநிலையிலேயே, முனைகளைச் சுருட்டிக்கொண்டு உருண்டையாகப் பார்க்கும். இந்த வேலை செய்தவர்கள் எல்லோரிடமும் இப்படி உருண்டைகள் சில நூறாவது இருக்கும்.

ஆயிரத்தில் ஒரு பங்கு என்றதும் 'இதுவா ஸ்விட்ச்?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. ஆண்டெனா தன் உடம்பைவிடப் பெரிய பரப்பிலிருந்து ஒளியைப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனாலும் லென்ஸால் எவ்வளவு இறுக்கிக் குவித்தாலும் ஒளிப்புள்ளி ஏறக்குறைய அலைநீள அகலத்துக்குக் கீழே இறங்காது, ஆகவே கதிரின் பெரும்பகுதி ஆண்டெனாவைத் தொடாமலே தாண்டிப் போய்விடும். தொட்ட கொஞ்சத்தில்தான் மாற்றம். இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஆண்டெனாக்களை நெருக்கமாக வரிசைகட்டி ஒரு தளமாக்குவது. கதிர் எங்கே விழுந்தாலும் ஆண்டெனாமேல்தான் விழ வேண்டும். மெட்டாசர்ஃபேஸ் என்ற பெயரில் இன்று நடக்கும் வேலைகளில் பாதி இந்த வகை. இன்னொன்று, ஒளியை வெளியிலிருந்து குவிக்காமல் சிப்பின் அலைவழிகாட்டி (ஒளி ஓடும் நுண்ணிய பாதை) வழியாகவே இடுக்குக்குள் கொண்டுபோவது. 2020-ல் நோதோமியின் பக்கத்திலிருந்தே இதற்கு ஓர் அருமையான உதாரணம் வந்தது. 30 நானோமீட்டர் அளவிலான உலோக இடுக்கில் ஒளியைச் செலுத்தி, அதன்மேல் கிராஃபீன் (ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள்) படலத்தைப் போர்த்தி, 35 ஃபெம்டோஜூலில் 260 ஃபெம்டோ செகண்ட் ஸ்விட்ச். பத்து வருடம் முன் 0.42 ஃபெம்டோஜூல் சாதித்தவர்கள் இப்போது 35-க்கு ஏன் ஏறினார்கள் என்றால், வேகத்துக்காக. முந்தையது பழைய நிலைக்குத் திரும்ப இருபது முப்பது பிக்கோ செகண்ட் எடுத்தது.

இனி கணினிக்கு வருவோம். இந்தக் கனவு புதிதல்ல. 1976-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் கிப்ஸ், மெக்கால், வெங்கடேசன் மூவரும் சோடியம் ஆவி நிரப்பிய ஒளிக்குழியில், ஒரே உள்ளீட்டுக்கு இரண்டு நிலையில் நிற்கும் ஒளிச் சாதனத்தைக் காட்டினார்கள். அதிலிருந்து ஒளி டிரான்சிஸ்டர் பற்றிய பேச்சு சூடு பிடித்தது. 1990-ல் அதே பெல் கூடத்தில் ஆலன் ஹுவாங் குழு ஒளியால் தர்க்கம் செய்யும் ஒரு செயலியையே காட்சிக்கு வைத்தது. அதற்குள் இருந்த ஸ்விட்ச் வகையைக் கண்டுபிடித்தவர் டேவிட் மில்லர். அதே மில்லர்தான் 2010-ல், ஒளி டிரான்சிஸ்டர்தான் அடுத்த படியா என்று கேட்டு, ஒளி ஸ்விட்ச் காட்டும் எல்லோரும் பதில் சொல்ல வேண்டிய நிபந்தனைகளை எழுதினார். ஒரு ஸ்விட்சின் வெளியீடு அடுத்த ஸ்விட்சை இயக்கப் போதுமா? ஒன்று இரண்டையாவது இயக்குமா? மங்கிப்போன சிக்னலைத் திரும்பச் சுத்தமான 0, 1 ஆக்குமா? வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு எதுவும் திரும்பி வராமல் இருக்குமா? நானோ ஆண்டெனா ஸ்விட்ச் முதல் கேள்வியிலேயே தடுமாறும். பம்ப் பலமானது, புரோப் மெலிந்தது. இந்த மெலிந்த புரோப் போய் அடுத்த ஆண்டெனாவுக்குப் பம்பாக இருக்க முடியாது. போதாக்குறைக்கு இரண்டின் அலைநீளமும் பல சோதனைகளில் வேறு வேறு.

ஆற்றல் கணக்கும் உதவாது. ஒரு ஸ்விட்ச் ஒவ்வொரு தடவையும் 10 ஃபெம்டோஜூல் தின்கிறது என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 10,000 கோடி தடவை இயக்கினால் ஒரு மில்லிவாட். பரவாயில்லையே என்று தோன்றும். பத்து லட்சம் ஸ்விட்ச் வைத்தால் ஒரு கிலோவாட், விரல் நகம் அளவு சிப்பில்! இன்றைய செயலிகளில் டிரான்சிஸ்டர்கள் ஆயிரம் கோடிக் கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு ஃபெம்டோஜூலுக்கும் கீழே வேலையை முடிக்கிறது. தங்கத்தில் விழும் ஒளியில் நல்ல பங்கு சூடாகத்தான் போகும், அதைத் தவிர்க்க வழியில்லை. ஆகவே செயலியை ஒளி ஸ்விட்சால் மாற்றுவது என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சில ஸ்விட்சுகள் போதும், ஆனால் ஒவ்வொன்றும் அதிவேகமாக இருக்க வேண்டும் என்கிற இடங்களில் நம்பிக்கை உண்டு: நெருக்கமாக வரும் பல்ஸ் தொடரிலிருந்து ஒன்றை மட்டும் பொறுக்கி எடுப்பது, மின்னணுவால் தொட முடியாத வேகத்தில் சிக்னலை மாதிரி எடுப்பது, லேசரின் வடிவத்தைப் பிக்கோ செகண்டுக்குள் திருத்துவது போன்றவை.

ஒளி ஆண்டெனா ஆய்வுக்கூடத்தை விட்டு ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது, வந்தது ஸ்விட்சாக அல்ல. புதிய வகை ஹார்டு டிஸ்க்குகளில் எழுதும் முனையில் ஒரு குட்டி லேசரும், தங்க அடிப்படையிலான ஒரு நானோ ஆண்டெனாவும் இருக்கின்றன. வட்டில் சில பத்து நானோமீட்டர் அகலப் புள்ளியை 400 டிகிரிக்கு மேல் ஒரு கணம் சூடாக்கி, காந்தம் எழுத வழி விடுவது அதன் வேலை. சீகேட் நிறுவனம் 2024-ல் அறிவித்த 30 டெராபைட் வட்டுகள் இப்படிப்பட்டவை. ஆண்டெனா உருண்டையாகிவிடாமல் வருடக்கணக்கில் தாங்க வைப்பதுதான் அங்கே நீண்ட காலம் தலைவலியாக இருந்தது.

கடைசியாக லேசர் பாயிண்டர். 5 மில்லிவாட் பாயிண்டரை நல்ல லென்ஸால் ஒரு சதுர மைக்ரோமீட்டரில் குவித்தால் செறிவு சதுர சென்டிமீட்டருக்கு 5 லட்சம் வாட். கேட்க நன்றாக இருக்கிறது. ஆய்வுக்கூட லேசரின் ஒரு பல்ஸ் 10 பிக்கோஜூல், நீளம் 100 ஃபெம்டோ செகண்ட் என்றால், அந்தக் கணத்தில் திறன் 100 வாட்; அதே புள்ளியில் குவித்தால் 1,000 கோடி வாட். உங்கள் பாயிண்டரைப் போல 20,000 மடங்கு. வேடிக்கை என்னவென்றால், அந்த லேசர் நொடிக்கு 8 கோடி பல்ஸ் விட்டாலும் சராசரித் திறன் 0.8 மில்லிவாட்தான், பாயிண்டரில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. பாயிண்டர் எலக்ட்ரானையும் அணுவையும் சேர்த்து மெதுவாகச் சூடாக்கும். ஆண்டெனாவின் சுருதி அதில் கொஞ்சம் நகரத்தான் செய்யும். எலக்ட்ரானை மட்டும் தனியே கொதிக்க வைக்க அதனால் ஆகாது. அதற்குக் குட்டைப் பல்ஸ் லேசரே வேண்டும். சராசரித் திறன் குறைவுதானே என்று அதன் கதிரைக் கண்ணுக்கு அருகில் மட்டும் விட்டுவிடாதீர்கள். அகச்சிவப்பு என்பதால் கண் சிமிட்டிக்கூடத் தப்பிக்காது.